பொம்மையும் பிரம்பும்

அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. அழுகையும் சிரிப்பும் மாந்தர் அனைவர்க்கும் பொது. எனினும் அழுகையைப் பெண்ணுக்கென்றும், வாய்விட்டுச் சிரிக்கும் உரிமையை ஆணுக்கென்றும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பங்கு மாறக் கண்டால் ஐயங்கொள் என்று கட்டளையிட்டனர் முன்னோர். இந்தப் பங்கீடு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. பந்து அவனுக்கு, பாவை அவளுக்கு. மரமேறுதல் அவனுக்கு, மாக்கோலம் அவளுக்கு. உரத்த குரல் அவனுக்கு, ஒடுங்கிய நடை அவளுக்கு! பங்கு மாறி விளையாடும் பிள்ளையைக் கண்டால் வீடு பதறுகிறது, வீதி சிரிக்கிறது, பள்ளிக்கூடத்திலோ பட்டப்பெயர் காத்திருக்கிறது.

ஏன் இந்தப் பதற்றம்? பாவை பிடித்த சின்னஞ்சிறு கையைக் கண்டு பெற்றோர் அஞ்சுவது எதற்காக? வாய்விட்டுக் கூறாவிடினும், அவர்கள் நெஞ்சுக்குள் நிற்கும் அச்சம் இதுதான்: "இவன் வளர்ந்து ஆணையே விரும்புவானோ? இவள் வளர்ந்து பெண்ணையே நாடுவாளோ?"

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா? குழந்தைப் பருவத்து நடையுடை பாவனைக்கும், வளர்ந்தபின் உள்ளத்தில் மலரும் காதலுக்கும் தொடர்பு இருக்கிறதா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மேனாட்டு அறிஞர் பலர் இந்தக் கேள்வியை ஆராய்ந்து வந்துள்ளனர். அந்த ஆராய்ச்சியின் வரலாற்றிலே அறிவின் வெற்றியும் இருக்கிறது. அறிவெனும் போர்வை போர்த்திவந்த கொடுமையும் இருக்கிறது. இரண்டையும் அறிந்துகொள்வது பகுத்தறிவை விரும்புவோர் கடமையாகும்.

வரலாற்றுக்குள் நுழையுமுன், மூன்று சொற்களை வேறு வேறாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆடை, விளையாட்டு, பேச்சு, நடை ஆகியவற்றால் ஒருவர் தம்மை வெளிக்காட்டும் முறை பாலின வெளிப்பாடு. தாம் ஆணா, பெண்ணா, வேறொருவரா என்று தம் உள்ளம் உணரும் உணர்வு பாலின அடையாளம். எவர்மீது காதல் பிறக்கிறது என்பது பாலீர்ப்பு. இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்பியதால் விளைந்த கேடுகள் பல.

முதல் குரல் செருமானிய நாட்டில் எழுந்தது. கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்பார், 1825-ல் ஹனோவர் அரசுப் பகுதியில் பிறந்தவர், சட்டம் பயின்றவர், ஆணாகப் பிறந்து ஆண்களையே விரும்பியவர். "என் இயல்பு ஏன் இவ்வாறு அமைந்தது?" என்ற கேள்வியைத் தமக்குத் தாமே எழுப்பினார். 1864 முதல் சிற்றேடுகள் எழுதி வெளியிட்டார். மொத்தம் 12 வெளிவந்தன. ஆண் உடலுக்குள் பெண் ஆன்மா குடியிருப்பதால் இவ்வியல்பு தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று அவருடைய குழந்தைப் பருவம். சிறுவனாய் இருந்தபோதே பெண்களின் ஆடையிலும், பெண்களோடு ஆடும் ஆட்டத்திலும் தமக்கு நாட்டம் இருந்ததை அவர் எழுதி வைத்தார். ஆகவே, குழந்தையின் விளையாட்டையும் வளர்ந்தவரின் காதலையும் முதன்முதல் ஒரு கோட்டில் இணைத்துக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

ஆன்மா பற்றிய அவர் விளக்கத்தை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் அவர் துணிவு இருக்கிறதே, அதனை மறக்கவொண்ணாது! 1867 ஆகஸ்டு 29-ம் நாள் மியூனிக் நகரில் செருமானியச் சட்ட அறிஞர் மாநாடு கூடிற்று. 500-க்கு மேற்பட்ட சட்டப் புலவர் அமர்ந்திருந்த அவையிலே எழுந்து நின்று, ஆணை விரும்பும் ஆணைச் சிறையிலிடும் சட்டம் நீதியற்றது என்று உரைக்கத் தொடங்கினார். "நிறுத்து, நிறுத்து!" என்ற கூச்சல் அவையை நிறைத்தது. உரையை முடிக்க விடாமலே மேடையை விட்டு இறக்கினர். கூச்சலிட்டோர் கற்றவர், பட்டம் பெற்றவர், நீதி வழங்கும் நாற்காலியில் அமர்ந்தவர்! கற்றவர் கூட்டத்திலும் கேட்க மறுக்கும் காதுகள் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உல்ரிக்ஸ் விதைத்ததை வளர்த்தவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் எனும் யூத மருத்துவர். 1897-ல் பெர்லின் நகரில் அறிவியல் மனிதநேயக் குழுவைத் தோற்றுவித்தார். செருமானியக் குற்றவியல் சட்டத்தின் 175-ம் பிரிவை நீக்குக என்று கையொப்பம் திரட்டினார். 1919-ல் பாலியல் ஆய்வு நிலையம் ஒன்றை அந்நகரிலேயே நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் கொண்ட வினாத்தாளை ஆயிரக்கணக்கானோரிடம் கொடுத்து விடை பெற்றார். சிறு வயதில் எதை விளையாடினீர், யாரோடு பழகினீர் என்பனவும் அதில் அடங்கும். ஒருவர் கதையைக் கேட்டு ஊரார் கதையாக்கும் வழக்கத்தை விட்டு, பலர் விடைகளைத் தொகுத்து முடிவு காணும் முறை இவ்வாறு உருவாயிற்று. 1931-ல் உலகப் பயணத்தின்போது இந்தியாவுக்கும் வந்து சென்றவர் அவர்.

அந்த ஆய்வு நிலையத்தின் கதி என்னவாயிற்று? 1933 மே 6-ம் நாள் நாஜி மாணவர் கூட்டம் உள்ளே புகுந்தது; ஏடுகளை வாரிச் சென்றது. மே 10-ம் நாள் பெர்லின் சதுக்கத்தில் மூட்டப்பட்ட தீயில் அவ்வேடுகளும் எரிந்தன. ஹிர்ஷ்ஃபெல்ட் அப்போது வெளிநாட்டில் இருந்ததால் உயிர் பிழைத்தார். நாடு திரும்பாமலே 1935-ல் பிரான்சில் மறைந்தார். அதே 1935-ல் 175-ம் பிரிவு மேலும் கொடியதாக்கப்பட்டது. அந்தப் பிரிவு முற்றாக நீங்க 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சியின் களம் பின்னர் அமெரிக்காவுக்கு மாறிற்று. அங்கே அப்போது உளப்பகுப்பு மருத்துவர்களின் ஆட்சி. 1935-ல் அமெரிக்கத் தாய் ஒருவர் தம் மகனைக் குறித்துக் கேட்டபோது, இது இழிவுமன்று, நோயென வகைப்படுத்தத் தக்கதுமன்று என்று கடிதம் எழுதினார் சிக்மண்ட் ஃபிராய்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லித் தொழில் நடத்திய அமெரிக்க மருத்துவர் பலர் இதை நோய் என்றே சாதித்தனர். நோய் என்றால் காரணம் வேண்டுமே! எளிதில் அகப்பட்டவள் தாய்.

1962-ல் எர்விங் பீபரும் அவர்தம் தோழரும் ஒரு நூல் வெளியிட்டனர். தன்பாலீர்ப்புடைய ஆண்கள் 106 பேர், அவ்வீர்ப்பு இல்லாத ஆண்கள் 100 பேர் என்று ஒப்பிட்டனர். மகனை அளவுக்கு மீறி அணைத்த தாயும், ஒதுங்கி நின்ற தந்தையுமே இதற்குக் காரணம் என்று தீர்ப்பளித்தனர். மகன் மென்மையாக வளர்ந்தால் தாய் குற்றவாளி! இந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தம்மைத் தாமே நொந்துகொண்டு வாழ்ந்த தாய்மார் எத்தனை பேரோ!

இந்த ஆய்வின் ஓட்டை எங்கே? ஒப்பிடப்பட்ட அனைவரும் மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்தோர். வினாக்களுக்கு விடை எழுதியவரோ அவர்கள் அல்லர், அவர்களுடைய மருத்துவர்கள்! தாயே காரணம் என்று முன்கூட்டியே நம்பிய மருத்துவர், தாயே காரணம் என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவமனைப் படுக்கைகளை மட்டும் எண்ணிவிட்டு, ஊரெல்லாம் நோயாளிகள் என்று கூறுவதை ஒக்கும் இது.

இந்த முறையின் பிழையை அதற்கு முன்பே உணர்ந்தவர் ஈவ்லின் ஹூக்கர் எனும் உளவியல் அம்மையார். சிகிச்சைக்குச் செல்லாத, இயல்பாக வாழ்ந்துவரும் தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், அதே வயதும் கல்வியும் உடைய எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் தேடிப்பிடித்தார். இருசாராரையும் ஒரே உளச்சோதனைகளுக்கு உட்படுத்தினார். பெயரும் குறிப்பும் இல்லாத விடைத்தாள்களை வல்லுநர்களிடம் கொடுத்து, "இவற்றுள் எவை தன்பாலீர்ப்பினருடையவை? கண்டறிந்து கூறுங்கள்!" என்றார். கூற இயலவில்லை! 1957-ல் வெளியான இந்த ஆய்வு, நோய் என்ற கோட்டையின் அடிக்கல்லைப் பெயர்த்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 1990-ல் உலக நலவாழ்வு நிறுவனமும் நீக்கிற்று.

வளர்ந்தவருக்குக் கதவு திறந்தது. குழந்தைக்கு? அந்தக் கதைதான் நெஞ்சை உலுக்குவது.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஒரு திட்டம் நடைபெற்றது. "பெண்மை மிகுந்த" சிறுவரைத் திருத்துவது அதன் நோக்கம். ஜார்ஜ் ரேக்கர்ஸ், ஐவார் லோவாஸ் ஆகிய இருவரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு சிறுவனின் சிகிச்சையை விவரித்தனர். அவனுக்கு இன்னும் ஐந்து வயது நிரம்பவில்லை. கட்டுரையில் அவனுக்கு இட்ட புனைபெயர் கிரெய்க்.

ஓர் அறை, இரண்டு மேசைகள். அவற்றின்மேல் பொம்மையும் பெண்ணாடையும். கூடவே துப்பாக்கி போன்ற விளையாட்டுப் பொருள்கள். எதிரே தாய் அமர்ந்திருப்பாள். சிறுவன் துப்பாக்கியைத் தொட்டால் தாய் முகமலர்ந்து பேச வேண்டும். பொம்மையைத் தொட்டால், அவன் இருப்பதையே அறியாதவள்போல் ஏட்டில் கண்ணை ஓட்ட வேண்டும். காதில் பொருத்திய கருவி வழியே மறைவிலிருந்து ஆணை வரும். பிள்ளை அழைத்தாலும் நிமிரக்கூடாது! தாயன்பை முடுக்கி அணைக்கும் விளக்கென ஆக்கினர் விஞ்ஞானிகள்.

வீட்டிலோ வேறு ஏற்பாடு. ஆண்பிள்ளை போல் நடந்தால் நீல வட்டு. அதைக் கொடுத்துத் தின்பண்டம் பெறலாம். பெண்பிள்ளை போல் நடந்தால் சிவப்பு வட்டு, அதற்குத் தண்டனை. தண்டனைகளுள் ஒன்று, தந்தையின் கையால் அடி. இத்தனையும் முடிந்தபின், சிறுவன் திருந்திவிட்டான், எதிர்கால இடர் நீங்கிவிட்டது என்று அறிவித்தனர் ஆய்வாளர். அந்தக் கட்டுரை பல ஆண்டுகள் வெற்றிச் சான்றாக மேற்கோள் காட்டப்பட்டது.

உண்மை 2011-ல் வெளிவந்தது. அந்தச் சிறுவனின் தாயும் உடன்பிறந்தாரும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசினர். அவன் வளர்ந்து தன்பாலீர்ப்புடையவனாகவே இருந்தான். தன்னைத் தானே வெறுத்து வாழ்ந்தான். 2003-ல், 38-ம் வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். அந்தச் சிகிச்சையே அவனை உருக்குலைத்தது என்று குடும்பத்தார் கூறினர். தம்பியின் குவியலிலிருந்த சிவப்பு வட்டுகளில் சிலவற்றை எடுத்துத் தன் குவியலில் சேர்த்துக்கொண்டதாக அண்ணன் சொன்னார். தம்பிக்கு விழும் அடியைக் குறைக்கவே அவ்வாறு செய்தாராம். பட்டம் பெற்ற பேராசிரியர்க்குத் தோன்றாத பரிவு ஒரு சிறுவனுக்குத் தோன்றிற்று!

கட்டுரையை வெளியிட்ட ஆய்வேடு 2020-ல், அதாவது 46 ஆண்டுகள் கழித்து, அக்கட்டுரை குறித்துக் கவலை தெரிவித்துக் குறிப்பொன்றை வெளியிட்டது. காலந்தாழ்ந்த கவலை, எனினும், கவலையாவது பிறந்ததே!

அதே காலத்தில் அதே நாட்டில் மற்றோர் ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. ரிச்சர்டு கிரீன் எனும் மனநல மருத்துவர், பெண்பிள்ளைகளின் ஆடையையும் ஆட்டத்தையும் மிகுதியாக விரும்பிய சிறுவர் 66 பேரையும், ஏனைய சிறுவர்போல் விளையாடிய 56 பேரையும் தேர்ந்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். இறுதிவரை தொடர முடிந்தது ஒவ்வொரு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கினரை. 1987-ல் முடிவு நூலாக வந்தது. முதற்பிரிவில் தொடரப்பட்ட 44 பேரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உடையவராய் வளர்ந்திருந்தனர். மற்றப் பிரிவினர் ஏறக்குறைய அனைவரும் எதிர்பாலீர்ப்பினராய் இருந்தனர்.

தொடர்பு உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் அதே நூலில் மற்றொரு செய்தியும் இருந்தது. பலர் அதைப் படிக்காமலே கடந்தனர். சிறுவரில் சிலர் திருத்தச் சிகிச்சை பெற்றவர். சிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் முடிவில் வேறுபாடு காணப்படவில்லை. வட்டும் அடியும் மிரட்டலும் பொம்மையைப் பிடுங்கின. காதலின் திசையை அணுவளவும் அசைக்கவில்லை!

கிரீனின் ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் கண்டவர்கள், பெற்றோர் கவலையுற்று மருத்துவரிடம் அழைத்து வந்த சிறுவர்கள். பங்கு மாறி ஆடுவதில் மிக முனைப்பாக இருந்தவர்கள். ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கைப் பொருத்தலாகாது.

பரந்த அளவில் பார்த்தவர்கள் கின்சி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பெல், வைன்பெர்க், ஹாமர்ஸ்மித் ஆகியோர். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தன்பாலீர்ப்பினர் 979 பேர், எதிர்பாலீர்ப்பினர் 477 பேர், ஆணும் பெண்ணுமாக, நேரில் வினவப்பட்டனர். 1981-ல் வந்த முடிவு, தாயைக் குற்றவாளியாக்கிய கொள்கையைத் தகர்த்தது. பெற்றோர் வளர்ப்பு முறைக்குப் பாலீர்ப்பை முடிவு செய்யும் வலிமை இல்லை. ஆராயப்பட்ட காரணிகளுள் பாலீர்ப்போடு மிக நெருங்கிய தொடர்புடையது, குழந்தைப் பருவத்தில் ஆண், பெண் என்ற வார்ப்புக்கு அடங்காத நடத்தையே. எனவே, தாயின் அணைப்பு மகனை மாற்றவில்லை. மகனின் இயல்பு கண்டு தந்தை விலகி நின்றிருக்கலாம். விளைவைக் காரணமென்று தலைகீழாகப் படித்துவிட்டனர் பழைய மருத்துவர்.

இங்கே ஐயமொன்று எழுவது இயல்பு. வளர்ந்தவரிடம் பழையதைக் கேட்டால், இன்றைய நிலைக்கேற்ப அன்றைய நினைவைத் திருத்திச் சொல்லமாட்டாரா? நல்ல ஐயம், பகுத்தறிவாளர் கேட்கவேண்டிய ஐயம். அதனைத் தீர்க்க 2008-ல் ரீகர் என்பாரும் அவர் குழுவினரும் புதுவழி கண்டனர். நினைவை நம்பாமல், குழந்தைப் பருவத்தில் வீட்டார் எடுத்துவைத்த வீடியோப் படங்களைத் திரட்டினர். படத்திலுள்ள குழந்தை எவ்வாறு வளர்ந்தது என்பதை அறியாதவர்கள் அவற்றைப் பார்த்து மதிப்பிட்டனர். பின்னாளில் தன்பாலீர்ப்பினராய் வளர்ந்த குழந்தைகள், சராசரியாக, வார்ப்புக்கு அடங்காமல் நடந்தது படத்திலேயே தெரிந்தது. நினைவு பொய் சொல்லவில்லை.

அதன்பின் இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்தில், 1990-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பேராய்வு துணை செய்தது. இரண்டரை வயது முதல் ஐந்து வயதுக்குள் மூன்று முறை குழந்தையின் விளையாட்டைப் பெற்றோர் பதிந்து கொடுத்தனர். 15-ம் வயதில் அப்பிள்ளைகளிடமே பாலீர்ப்பு வினவப்பட்டது. பெண்கள் 2,428 பேர், ஆண்கள் 2,169 பேர். லி, கங், ஹைன்ஸ் ஆகிய மூவர் 2017-ல் முடிவை வெளியிட்டனர். பள்ளி செல்லுமுன்னரே விளையாட்டில் காணப்பட்ட வேறுபாட்டுக்கும் பின்னாளைய ஈர்ப்புக்கும் தொடர்பு, இருபாலாரிடமும், புலப்பட்டது. இவர்கள் மருத்துவரிடம் இழுத்து வரப்பட்டவர்கள் அல்லர். ஒரு வட்டாரத்தின் பொதுமக்கள் வீட்டுப் பிள்ளைகள் என்பது கருதத்தக்கது.

சரி, தொடர்பு உண்டு. அப்படியானால் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்து அதன் வருங்காலத்தைக் கணித்துவிடலாமே என்று துள்ளுவோரும் உண்டு. நில்லுங்கள் தோழர்களே! ஜாதகத்தைக் கிழித்தெறிந்த கையால் புதிய ஜாதகம் எழுதத் தொடங்கலாமா? சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. தனிமனிதர் நெற்றியில் எழுதிய எழுத்து அன்று.

பள்ளிக் கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. ஓரூரில் பெண்பிள்ளைகள் 1,000 பேர். அவருள் 20 பேர் வளர்ந்து பெண்களை விரும்புவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 பேரில் 12 பேர் சிறுவயதில் மரமேறி, பந்தாடித் திரிந்தவர். மற்ற 980 பேரிலும் 150 பேர் அவ்வாறே திரிந்தவர். இப்போது மரமேறும் பெண்கள் மொத்தம் 162 பேர். அவர்களுள் பின்னாளில் பெண்ணை விரும்பப் போகிறவர் 12 பேர் மட்டுமே. நூற்றுக்கு எட்டுப்பேர்கூட இல்லை! அடக்கமாய்க் கோலமிட்டுக் கொண்டிருந்தோரிலும் 8 பேர் பெண்ணை விரும்புகிறார்கள். 20-ல் 12 என்பது வலிய தொடர்புதான்; ஆயினும் அது கொண்டு ஒரு குழந்தையை நோக்கி விரலை நீட்டினால் பெரும்பாலும் தவறாகவே முடியும்.

அன்றியும், அத்தகைய குழந்தைகளுள் சிலர் வளர்ந்து திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தம்மை உணர்கின்றனர். பலர் அவ்வாறு உணர்வதில்லை. வெளிப்பாடு, அடையாளம், ஈர்ப்பு ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்தது இதற்காகத்தான். ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தீர்மானிக்க எவருக்கும் உரிமையில்லை.

தொடர்புக்குக் காரணம் என்ன? கருவிலேயே தொடங்கும் உடற்கூற்றுக்குப் பங்குண்டு என்பதற்குச் சான்றுகள் உண்டு. அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறையால் கருவில் ஆண் ஹார்மோன் மிகுதியாகப் பெற்ற பெண்குழந்தைகள், பையன்கள் விரும்பும் விளையாட்டுப் பொருள்களை மிகுதியாக நாடுவதை பெரன்பாம், ஹைன்ஸ் இருவரும் 1992-ல் காட்டினர். அத்தகைய பெண்களிலும் பெரும்பாலோர் வளர்ந்து ஆண்களையே விரும்புகின்றனர். ஆக, ஒரே காரணம், ஒரே விளைவு என்று சூத்திரம் எழுதிவிட இயலாது. ஒன்று மட்டும் உறுதி. பொம்மை கொடுத்ததால் ஈர்ப்பு வருவதுமில்லை. பொம்மையைப் பிடுங்கியதால் போவதுமில்லை.

"போகட்டும், வார்ப்புக்கு அடங்காத குழந்தை துன்பப்படுகிறதே, அந்தத் துன்பத்தை நீக்கத்தானே திருத்துகிறோம்" என்று நயமாய்ப் பேசுவோர்க்குப் பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவு விடை கூறுகிறது. அங்கே ஃபாஃபாஃபீனே என்றொரு பிரிவினர் உளர். ஆணாய்ப் பிறந்து, பெண்ணின் போக்கில் வளர்ந்து, ஆண்களை விரும்புவோர். ஊரார் அறிய, ஊரார் நடுவே வாழ்வோர். பார்ட்லெட், வேசி எனும் ஆய்வாளர் இருவர் 2006-ஐ ஒட்டி அவர்களுடைய இளமை நினைவுகளைக் கேட்டறிந்தனர். பெண்பிள்ளைகளோடு ஆடியதும், பெண்வேலை செய்ததும் அவர்களுக்குத் துன்பமாய் இருக்கவில்லை, இன்பமாய் இருந்தது. துன்பம் நேர்ந்த இடத்தில், அதைத் தடுக்க முனைந்தவரே காரணமாயிருந்தனர்.

அமெரிக்காவில் 2012-ல் ராபர்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. வார்ப்புக்கு மிக அடங்காத குழந்தைகள் வீட்டிலும் வெளியிலும் கொடுமைக்கு ஆளாவது மிகுதி. அந்தக் கொடுமையின் வடு இளமைப் பருவத்திலும் உள்ளத்தை வாட்டுகிறது. நோய் குழந்தையிடம் இல்லை. குழந்தையைச் சுற்றி நிற்கும் கூட்டத்திடம் இருக்கிறது!

ஆனால் மருத்துவ ஏடுகள் செய்தது என்ன? 1973-ல் வளர்ந்தவரை விடுவித்த அதே அமெரிக்கச் சங்கம், 1980-ல் "குழந்தைப் பருவப் பாலின அடையாளக் கோளாறு" என்றொரு புதுப்பெயரைப் பட்டியலில் சேர்த்தது. தந்தையை விடுதலை செய்து மகனைச் சிறையிலிட்டது போலாயிற்று என்று குறைகூறியோர் பலர். 2013-ல்தான் கோளாறு என்ற சொல் அந்தப் பெயரிலிருந்து அகன்று, ஒருவர் உணரும் வேதனை மட்டுமே கருதத்தக்கது என்ற நிலை வந்தது. பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகள் வெற்றி பெறக்கூடியவை அல்ல, தீங்கு பயக்கக்கூடியவை என்று 2009-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக் குழுவும் அறிவித்தது.

இந்த அலை நம் கரையையும் தொட்டது. ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள், பெற்றோரிடமிருந்தும் காவல்துறையிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் வந்தனர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது குறித்துத் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்டார். பின்னரே தீர்ப்பு எழுதினார். மியூனிக்கில் கேட்க மறுத்த சட்டப் புலவர்களை எண்ணிப் பாருங்கள்; கற்றுக்கொள்ள முன்வந்த இந்த நீதிபதியையும் எண்ணிப் பாருங்கள்! 2021 ஜூன் 7-ம் நாள் அவர் இட்ட ஆணை, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அத்தகைய சிகிச்சை மருத்துவரின் தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது.

சட்டம் மருத்துவரைத் தடுக்கும். வகுப்பறையில் எழும் சிரிப்பை எந்தச் சட்டம் தடுக்கும்? நடையைக் கண்டு நகைத்து, குரலைக் கேட்டுக் கேலி பேசி, ஒரு பிள்ளையின் பெயரையே மறக்கடித்துப் பட்டப்பெயரால் அழைக்கும் கூட்டம் ஆசிரியரின் கண்முன்னேதான் வளர்கிறது. ஆசிரியர் சிரித்தால் அந்தச் சிரிப்புக்குச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் ஒரு சொல் சொல்லி நிறுத்தினால், அன்று ஒரு சிறுவன் மறுநாளும் பள்ளிக்கு வரத் துணிகிறான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் இளைஞன் என்ற முறையில் இதனை அழுத்திக் கூறுகிறேன்.

இளைஞர்களே! பழைமைவாதி தன் வெறுப்புக்குச் சாத்திரத்தைத் துணைக்கழைத்தான். அதை நாம் அறிவோம். இந்த வரலாறு மற்றொன்றைக் கற்பிக்கிறது. வெறுப்பு வெள்ளைச் சட்டை அணிந்து, ஆய்வுக் கூடத்தில் அமர்ந்து, எண்களை அடுக்கிக்கொண்டும் வரும். எழுதியவர் பேராசிரியர் என்பதற்காக நம்பாமல், யாரைக் கேட்டார், எப்படி எண்ணினார், யாருக்கு வலித்தது என்று கேட்கும் துணிவு வேண்டும். அவ்வாறு கேட்டவர் ஹூக்கர். அதனால் பல்லாயிரவர் நோயாளி என்ற பழிச்சொல்லிலிருந்து மீண்டனர். கேட்காதவர் கையில் அகப்பட்டவன் அந்த ஐந்து வயதுச் சிறுவன்.

குழந்தை எப்படி ஆடினாலும், வளர்ந்து எவரை விரும்பினாலும், அது பிழையுமன்று பிணியுமன்று. பொம்மை எந்தக் குழந்தையையும் கெடுத்ததாகச் சான்றில்லை. பிரம்பு கெடுத்ததற்குச் சான்றுகள் அடுக்கடுக்காய் உள்ளன. பிடுங்க வேண்டியது எது, யார் கையிலிருந்து என்பதை இனியேனும் நாடு உணரட்டும்!